கடைசியாக ஏறியவர் இறங்கவும்

பம்பரம் என்பது என் அக்கா மகளுக்கு நான் வைத்த பெயர். காலையில் பல் விளக்கும்போதே சுற்ற ஆரம்பிப்பாள். நடைவழியில் சுற்றுவாள், ஒற்றைச் செருப்போடு சுற்றுவாள், கடைசியில் தலை கிறுகிறுத்து என் கட்டிலில் வந்து விழுவாள். கன்னம் இரண்டும் உப்பி, தொடையில் மடிப்பு விழுந்த நாலு வயதுக் குழந்தை. தூக்கினால் கொஞ்சம் கனப்பாள். அதை வேறு யாரிடமாவது ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கும் என்று நாங்கள் நினைத்ததில்லை.

ஒரு மாலை, மழலையர் பள்ளி வாசலில் ஆசிரியை அக்காவைத் தனியாகக் கூப்பிட்டார்.

"தப்பா எடுத்துக்காதீங்க" என்று ஆரம்பித்தார். "குழந்தை கொஞ்சம் எடை கூடன்னு தோணுது. தடுப்பு மையத்துக்குப் போயிட்டு வந்துடுங்க. ரொம்ப நல்லவங்க. குழந்தையை ஒண்ணுமே சொல்ல மாட்டாங்க. குடும்பத்தைத்தான் சொல்லுவாங்க."

மையத்தின் முழுப் பெயர் குழந்தைப் பருமன் தடுப்புக்கான குடும்ப மையம். ஒரு பழைய சரக்குக் கிடங்கின் மூன்றாம் மாடியில் இருந்தது. சரக்கு நிறுவனம் காலி செய்தபோது மேசை நாற்காலியை எடுத்துக்கொண்டு, தரையில் பதித்திருந்த எடை மேடையை மட்டும் பெயர்க்க முடியாமல் விட்டுவிட்டுப் போனதாக லிஃப்டில் யாரோ பேசிக்கொண்டார்கள். மையத்தின் கொள்கை அந்த மேடைக்கு முன்பே தோன்றியதா, மேடையைப் பார்த்த பிறகு தோன்றியதா என்று எனக்கு உறுதியாகத் தெரியாது. தெரியாததைச் சொல்லக் கூடாது.

வாசலில் செருப்பு அலமாரி. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். பம்பரத்தின் செருப்பில் இரண்டு வார். அதை அவளேதான் கழற்றுவாள். யாராவது உதவிக்குக் குனிந்தால் முதலிலிருந்து மாட்டிக்கொண்டு மறுபடி கழற்றுவாள். அதனால் எங்கள் வீட்டில் எங்கு போனாலும் கடைசியாக நுழைவது அவள்தான்.

உள்ளே இயக்குநர் எங்களை வரவேற்றார். நரைத்த முடியை இழுத்துக் கட்டிய, ஒல்லியான, மிகவும் அன்பான பெண்மணி. அன்பு என்றால், பேசும்போது நம் கையைப் பிடித்துக்கொள்ளும் வகை. விடவே மாட்டார்.

"ஏறுங்க" என்றார்.

மாமா, அதாவது அக்காவின் கணவர், குழந்தையைத் தூக்கி மேடையில் நிறுத்தினார்.

"ஐயோ, குழந்தையைத் தனியாவா?" இயக்குநர் பதறிப்போனார். "குழந்தையைத் தனியா எடை போடுறது குற்ற உணர்ச்சியைத் தூண்டும். நாங்க குடும்ப அணுகுமுறை. எல்லாரும் ஏறுங்க."

"நாங்களுமா?"

"குடும்பம்னா ஒரே உடம்பு சார். ஒரே உடம்புக்கு ஒரே எடை."

மாமா ஏறினார். அக்கா ஏறினாள். நான் ஓரமாக நின்றேன். நான் அந்த வீட்டில் தங்கிப் பகலில் சலவைக் கடையில் இஸ்திரி போட்டு, மாலையில் கணக்கு வகுப்புக்குப் போகிறவள். அக்காவின் தங்கை என்பதற்கு மேல் எனக்கு அங்கே பதவி கிடையாது.

"நீங்க அதே அடுப்புல சாப்பிடுறீங்களா?" என்று இயக்குநர் கேட்டார்.

"ஆமாங்க."

"அப்ப நீங்களும் உடம்புதான். ஏறுங்கம்மா."

சுவரில் கடிகாரத்தைப் போல இரண்டு மடங்கு பெரிய வட்டம். அதில் பச்சை, மஞ்சள், சிவப்புப் பட்டைகள், நடுவில் ஒரு முள். எடை போடும்போது எல்லோரும் முள்ளை மட்டுமே பார்க்க வேண்டும், தன்னையோ பிறரையோ பார்த்தால் மனம் தளரும் என்று பலகை வைத்திருந்தார்கள். அலுவலர்களும் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு முள்ளையே பார்த்தார்கள். முள் மஞ்சளைத் தாண்டிச் சிவப்பில் போய் நின்றது. உடனே மணி அடித்தது.

அந்த மணியைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் கட்டிடத்து லிஃப்டில் ஆள் கூடினால் அடிக்குமே, அதே மணி. மாமா லிஃப்ட் பழுது பார்ப்பவர். மணி அடித்தால் சண்டை போடக் கூடாது, கடைசியாக ஏறியவர் பேசாமல் இறங்கிவிட வேண்டும், அதுதான் மரியாதை என்று மகளுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார். அவளுக்கு அது பெரிய விளையாட்டு. மணி அடித்ததும் குதித்து இறங்கி, "போங்க, போங்க, நான் அடுத்ததுல வரேன்" என்று கையாட்டுவாள். மாமாவும் சிரித்துக்கொண்டே அவளோடு இறங்கிவிடுவார்.

அன்றைக்கும் குதித்தாள். அக்கா அவள் கையைப் பிடித்து மேலே இழுத்து, "சும்மா நில்லுடி" என்றாள். யாரும் சிரிக்கவில்லை. பம்பரம் எங்கள் முகங்களை ஒவ்வொன்றாக நிமிர்ந்து பார்த்தாள்.

"குழந்தையோட எடை எவ்வளவுங்க?" என்று மாமா கேட்டார்.

"அந்தத் தகவல் எங்ககிட்ட கிடையாது சார்" என்றார் இயக்குநர் பெருமையாக. "இந்த மையம் ஆரம்பிச்ச நாள்லேருந்து ஒரு குழந்தையைக்கூட நாங்க எடை போட்டதில்லை."

பிறகு விதியைச் சொன்னார். இன்னும் இரண்டு முறை எடை பார்ப்பார்கள். கடைசி முறையும் முள் சிவப்பில் நின்றால், குடும்பம் குழந்தைக்கு ஏற்றதல்ல என்று பொருள். குழந்தை, 'மாதிரி இல்லம்' என்ற இடத்துக்குப் போகும்.

"அது என்ன இல்லம்?" அக்காவின் குரல் எங்கேயோ கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"பயப்படவே பயப்படாதீங்க. வந்து பாருங்க."

மையத்தின் கோடியில் ஒரு கண்ணாடிச் சுவர். அதற்கு அந்தப் பக்கம் ஒரு சாப்பாட்டு மேசை. ஒரு அப்பா, ஒரு அம்மா, சில குழந்தைகள். அப்பாவும் அம்மாவும் சம்பளத்துக்கு அமர்த்தப்பட்டவர்கள் என்றும், சரியான எடையும் சரியான மனநிலையும் பார்த்துத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் என்றும் இயக்குநர் விளக்கினார். அவர்கள் எல்லோரும் சிரித்துக்கொண்டே மென்றார்கள். ஒரே நேரத்தில் வாய் திறந்தது, ஒரே நேரத்தில் மூடியது. ஒரு குட்டிப் பையன் மட்டும் எங்களைப் பார்த்துவிட்டான். மெல்வதை நிறுத்தாமல், மேசைக்குக் கீழே கையை வைத்துக்கொண்டு, எங்களை வரச் சொல்லி விரலை மடக்கினான். வரச் சொன்னானா, போகச் சொன்னானா என்று பிறகு எனக்குச் சந்தேகம் வந்தது.

"அந்தப் பிள்ளைங்க எப்ப வீட்டுக்குப் போவாங்க?" என்று அக்கா கேட்டாள்.

"அவங்க வீட்டு எடை குறைஞ்சதும்."

"பிள்ளைங்க இங்க வந்ததுமே அந்த வீட்டு எடை குறைஞ்சிருக்குமே?" என்றேன். கணக்கு வகுப்பில் படிக்கிற கோளாறு.

இயக்குநர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "அதனாலதான் அவங்களை இப்ப ஒரு ஆள் குறைஞ்ச குடும்பமா மதிப்பிடுறோம். அந்தக் கணக்குப்படி அவங்க இன்னும் சிவப்பு."

மறுவாரம் வீட்டுப் பார்வையாளர் வந்தார். ஒல்லியான இளைஞர். கழுத்தில் விசில். அறையின் மூலையில் முக்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, "நான் இருக்கறதையே மறந்துடுங்க" என்று சொல்லிவிட்டு விசிலை ஊதினார். சாப்பிட ஆரம்பிக்கலாம் என்று அர்த்தம்.

குடும்பமாக உட்கார்ந்து சாப்பிடுவது முதல் விதி. நல்ல விதிதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் மாமா வேலைக்குப் போகும் நேரமும் நான் வகுப்பிலிருந்து வரும் நேரமும் அக்கா தான் வேலை பார்க்கும் கண்ணாடிக் கடையைச் சாத்தும் நேரமும் எங்கேயுமே சந்திப்பதில்லை. மையம் ஆராய்ந்து, நாங்கள் நால்வரும் சேர்ந்து சாப்பிடக்கூடிய ஒரே நேரம் மாலை நாலு மணி என்று கண்டுபிடித்தது. அந்த நேரத்துக்கு மாமா பாதி லிஃப்டில் வேலையை நிறுத்திவிட்டு ஓடி வருவார். உள்ளே ஆள் மாட்டிக்கொண்டிருந்த நாளில்கூட, "ஐயா, அரை மணி பொறுத்துக்கோங்க, குடும்ப நேரம்" என்று கதவிடுக்கில் சொல்லிவிட்டு வந்தார்.

"முகத்துல மகிழ்ச்சி இல்லையே" என்றார் பார்வையாளர் மூலையிலிருந்து.

நாங்கள் சிரித்தோம்.

"அப்பாவுக்குப் பல் தெரியலை."

மாமா பல்லைக் காட்டினார். பம்பரம் அதைப் பார்த்து உதட்டைப் பிதுக்கி அழத் தயாரானாள்.

"அழுதா குடும்பத்துக்கு ஒரு மதிப்பெண் கழியும்" என்று பார்வையாளர் நல்ல மனதோடு எச்சரித்தார். அக்கா அவள் வாயில் ஒரு வாய் கேரட்டை அவசரமாகத் திணித்தாள். விசில் அடித்தது. குழந்தையை வற்புறுத்தி ஊட்டக் கூடாது. அக்கா அதை வெளியே எடுத்தாள். மறுபடி விசில். குழந்தையிடமிருந்து உணவைப் பறிக்கக் கூடாது. அக்கா அந்தக் கேரட்டைக் கையில் வைத்துக்கொண்டு எங்கே வைப்பது என்று தெரியாமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

சாப்பாட்டுக்குப் பிறகு உடலசைவு. "குழந்தைக்குப் பிடிச்ச அசைவு ஏதாவது இருக்கா?"

"நான் சுத்துவேன்!" என்று பம்பரம் எழுந்தாள். அன்று அவள் முகத்தில் வெளிச்சத்தைப் பார்த்தது அப்போதுதான்.

"நல்லது. ஆனா தனியா இல்ல. குடும்பமா."

நடைவழியில் நாங்கள் நால்வரும் வரிசையாக நின்று விசிலுக்கு விசில் சுற்றினோம். இடப்பக்கம், நிறுத்தம், வலப்பக்கம், நிறுத்தம். மாமா சுவரில் இடித்துக்கொண்டார். பக்கத்து வீட்டுக் கதவு திறந்து, மூடியது. பம்பரம் மூன்றாவது விசிலில் நின்றுவிட்டாள். மறுநாள் காலை பல் விளக்கும்போது நேராக நின்று விளக்கினாள். செருப்பு மாட்டும்போதும் அசையவில்லை. "சுத்துடி" என்றேன். "விசில் அடிக்கலையே சித்தி" என்றாள்.

அதற்குப் பிறகு அவள் சுற்றவில்லை. சாப்பிடவும் இல்லை. தட்டில் எது வைத்தாலும், "இது கனமா சித்தி?" என்று கேட்பாள். கன்னம் வற்றியது. தொடையில் மடிப்பு போன இடத்தில் தோல் தொளதொளத்தது. ஒருநாள் அவளைக் குளிப்பாட்டிவிட்டு வந்த அக்கா, துண்டைக் கையில் வைத்துக்கொண்டு சமையலறையில் என் பக்கம் திரும்பாமலே பேசினாள்.

"முதுகெலும்பு கைல தட்டுப்படுதுடி."

"மையத்துல சொல்லலாமா?"

"என்னன்னு? நிறுத்திக்கிறோம்னா? அந்தக் கண்ணாடிக்குப் பின்னாடி இன்னொரு நாற்காலி காலியா இருந்துச்சு, பார்த்தியா நீ?"

பார்த்திருந்தேன்.

இரண்டாம் முறை எடை பார்த்தபோது முள் முன்பைவிட உள்ளே போய்ச் சிவப்பில் நின்றது. மணி அடித்தது. பம்பரம் இந்த முறை குதிக்கவில்லை. அக்காவின் உடையைப் பிடித்துக்கொண்டு, காலை மட்டும் ஒருமுறை தூக்கிப் பார்த்துவிட்டு வைத்தாள்.

"குழந்தை பாதியா போயிட்டா, எப்படிங்க ஏறும்?" என்றார் மாமா.

"குழந்தையைப் பத்திப் பேசாதீங்க சார். குழந்தையை நாங்க எப்பவும் குறை சொல்றதில்லை" என்றார் இயக்குநர். "குடும்பத்துல யாரோ ஏறியிருக்கீங்க."

அக்கா தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள். அவளுக்கு நாள் தள்ளிப் போயிருந்தது, ரொம்பவே தள்ளிப் போயிருந்தது. எனக்குத் தெரியும். மாமாவுக்கும் தெரியும். பயத்தில் மகிழ்ச்சியைத் தள்ளிப்போட்டிருந்தோம்.

இயக்குநர் அலுவலர்களைக் கூட்டி ஆலோசித்தார். திரும்பி வந்து அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார். "வாழ்த்துகள். ஆனா நடுவுல ஒரு உறுப்பினரைச் சேர்த்துட்டீங்களே! பிறக்காதவருக்கு எங்க விதியில இடம் கிடையாது. இடம் இல்லைன்னாலும் மேடையில எடை கொடுக்கிறார். அந்த எடையைப் பெரியவங்க நீங்க மூணு பேரும் பிறக்காதவருக்காகத் தியாகம் பண்ணிக் குறைக்கணும். குடும்பம்னா அதுதானே?"

"நான் இறங்கிடுறேங்க" என்றேன். "நான் கடைசியா இந்த வீட்டுக்கு வந்தவ. வேற அறை பார்த்துக்கிறேன்."

"இறங்கறதா?" அவர் உண்மையிலேயே புண்பட்டார். "ஒரு குடும்பத்தைப் பிரிக்கிறதுக்கா நாங்க இருக்கோம்?"

அவருக்குப் பின்னால் கண்ணாடிச் சுவருக்குள் எல்லோரும் சிரித்துக்கொண்டே மென்றுகொண்டிருந்தார்கள்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் பெரியவர்கள் யாரும் ஒழுங்காகச் சாப்பிட்டதாக எனக்கு நினைவில்லை. அக்காவை மட்டும் மாமா கெஞ்சிக் கெஞ்சிச் சாப்பிட வைத்தார். பார்வையாளர் போன பிறகு கதவைத் தாழிட்டு, ஜன்னல் திரையை இழுத்துவிட்டு, முட்டையை வேகவைத்துத் திருட்டுத்தனமாகக் கொடுப்பார். பம்பரத்துக்கும் ஒன்றை நீட்டுவார். அவள் தலையை ஆட்டிவிடுவாள்.

"அப்பா, நம்ம வீடும் லிஃப்டா?"

"இல்லடா கண்ணு."

"அப்புறம் ஏன் மணி அடிக்குது?"

மாமா ஊரில் எத்தனையோ லிஃப்டின் மணியை நிறுத்தியவர். அவள் வேண்டாமென்ற முட்டையைத் திரும்பப் பாத்திரத்தில் போட்டார்.

கடைசி எடை நாள் வந்தது. மெல்லிய துணியாகப் பார்த்து உடுத்திக்கொண்டோம். மாமா மோதிரத்தையும் பெல்ட்டையும் வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டு, பேண்ட்டை ஒரு கையால் பிடித்துக்கொண்டு வந்தார். நான் தலையில் இருந்த கிளிப்பைக்கூட எடுத்துவிட்டேன். அதனால் என்ன குறையும் என்று யோசித்தேன், யோசித்தபடியே எடுத்தேன்.

அன்று கூடம் நிறைந்திருந்தது. மேலிடத்திலிருந்து யாரோ பார்வையிட வந்திருந்தார்கள். படம் எடுக்கிறவர் ஒருவர் நின்றார். இயக்குநர் பேசினார்.

"நண்பர்களே, முன்னெல்லாம் ஒரு குழந்தை பருமனா இருந்தா, அந்தக் குழந்தையைப் பார்த்தாங்க. என்ன சாப்பிடுது, எங்க விளையாடுது, ராத்திரி தூங்குதான்னு கேட்டுக்கிட்டு நேரத்தை வீணடிச்சாங்க. நாங்க அந்தத் தப்பைப் பண்றதில்லை. எங்க பார்வை குழந்தைமேல விழாது. குடும்பத்து மேலதான் விழும். இதோ, இந்தக் குடும்பத்தையே பாருங்க!"

கைதட்டல். மாமா மேடையில் ஏறினார். அக்கா ஏறினாள். நான் ஏறினேன். பின்னால் வாசலில் பம்பரம் இன்னும் செருப்பு வாரைக் கழற்றிக்கொண்டிருக்கும் சத்தம். பிறகு அவள் சின்னக் கை என் உடையின் நுனியைப் பிடித்தது. எல்லோரும் முள்ளைப் பார்த்தோம். அலுவலர்கள் பார்த்தார்கள், பார்வையிட வந்தவர்கள் பார்த்தார்கள்.

முள் சிவப்பில் போய் நின்றது. மணி அடித்தது.

"மூச்சை இழுத்துப் பிடிங்க" என்று மாமா பல்லிடுக்கில் சொன்னார். மூச்சைப் பிடித்தால் எடை குறையாது என்று அவருக்கும் தெரியும். எல்லோரும் பிடித்துக்கொண்டோம். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மாதிரி இல்லத்தின் கதவுச் சாவியைப் பார்வையாளர் சட்டைப் பையிலிருந்து எடுப்பது என் கடைக்கண்ணில் தெரிந்தது.

என் உடையின் நுனி தளர்ந்தது.

முள் நடுங்கியது. மஞ்சளுக்கு வந்தது. மஞ்சளையும் தாண்டிப் பச்சைக்குள் போய் அமைதியாக நின்றது. மணி நின்றுவிட்டது.

கூடம் அதிர்ந்தது. எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். இயக்குநரின் கண் கலங்கிவிட்டது. "பார்த்தீங்களா! நம்ம கண் முன்னாலேயே குறைஞ்சது! குடும்பம் மனசு வெச்சா என்னதான் முடியாது!"

நான் மெதுவாகத் திரும்பிப் பார்த்தேன். எனக்குப் பின்னால் மேடை காலியாக இருந்தது.

அக்காவும் பார்த்துவிட்டாள். அவள் வாய் திறந்தது. மாமா அவள் தோளை அழுத்திப் பிடித்தார். எனக்கும் அப்போதுதான் புரிந்தது. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் குழந்தை வருவாள். வந்தால் மறுபடி ஏறச் சொல்வார்கள்.

"அப்படியே நில்லுங்க, ஒரு படம்" என்றார் படம் எடுக்கிறவர். "சிரிங்க. அப்பாவுக்குப் பல் தெரியணும்."

மாமா பல்லைக் காட்டினார். அக்கா ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நான் சிரித்துக்கொண்டே கண்ணால் கூடத்தைத் துழாவினேன். நாற்காலிக் கால்கள், கனமான திரை, ஜன்னல். மூன்றாம் மாடி ஜன்னல். அது திறந்திருந்ததா, மூடியிருந்ததா என்று பார்க்க விடாமல் வெளிச்சம் கண்ணில் அடித்தது. எங்கள் கையில் பாராட்டுக் கேடயத்தைக் கொடுத்தார்கள். பார்வையிட வந்தவர் கை குலுக்கினார். "குழந்தை எப்படி?" என்று கேட்டார்.

"ரொம்ப மாறிட்டா" என்றார் இயக்குநர், எங்களுக்குப் பக்கத்திலிருந்த வெற்றிடத்தைக் கனிவோடு பார்த்தபடி. "பாருங்க, இருக்கற இடமே தெரியாம எவ்வளவு அமைதியா இருக்கா."

பேச்சு முடிந்து, கும்பிடு முடிந்து, கதவு வரைக்கும் நடந்தோம். ஓடினால் சந்தேகம் வரும் என்று நடந்தோம். அக்காவின் விரல் நகம் என் கையில் பதிந்து ரத்தம் வந்ததை வீட்டுக்குப் போய்த்தான் பார்த்தேன்.

செருப்பு அலமாரியின் அடித்தட்டில், செருப்புகளுக்கு நடுவில், முழங்காலைக் கட்டிக்கொண்டு பம்பரம் உட்கார்ந்திருந்தாள். எங்கள் செருப்புகளையெல்லாம் ஜோடி ஜோடியாக மடியில் எடுத்து வைத்திருந்தாள்.

"மணி நின்னுடுச்சா சித்தி?"

அக்கா அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். மாமா கேடயத்தைச் செருப்பு இருந்த இடத்தில் வைத்துவிட்டுக் குழந்தையை வெளியே எடுத்தார். தூக்கியவர் ஒரு கணம் தடுமாறினார். கனமான ஒன்றை எதிர்பார்த்துக் கை போட்டு, அது லேசாக வந்துவிட்டால் தடுமாறுவோமே, அப்படி.

லிஃப்ட் வந்தது. மாமா குழந்தையோடு உள்ளே போக, அவள் அவர் பிடியிலிருந்து வழுக்கி இறங்கி வெளியே நின்றுகொண்டாள்.

"நீங்க போங்க. நான் அடுத்ததுல வரேன்."

"நீயும் வாடா. இது நம்மளைத் தாங்கும்."

"மணி அடிச்சா?"

"அடிக்காது. அப்பா சொல்றேன்ல."

"அடிச்சா அந்த வீட்டுக்கு நான் போகணுமா, தம்பிப் பாப்பா போகணுமா?"

மாமா குனிந்து அவளைத் தூக்கி மார்போடு சேர்த்துக்கொண்டார். கதவு மூடியது. மணி அடிக்கவில்லை. லிஃப்ட் இறங்க ஆரம்பித்தது. பம்பரத்தின் முகம் சிவந்துகொண்டே வந்தது. கன்னம் இரண்டும் முன்பு இருந்த மாதிரியே உப்பியிருந்தன. ஒரு நொடி எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

பிறகுதான் பார்த்தேன், அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.